பழத்தால் பல் வெளுக்குமா? எலுமிச்சை முதல் பப்பாளி வரை



பல் போனால் சொல் போச்சு என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். பல் இருந்தும் அதில் கறை படிந்துவிட்டால் என்ன ஆகும்? சொல் போகாது, ஆனால் சிரிப்பு போய்விடும். குடும்பப் படம் எடுக்கும்போது உதட்டை இறுக மூடிக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். நேர்முகத் தேர்வில் நன்றாகப் பதில் சொல்லத் தெரிந்தும், வாயைத் திறக்கத் தயங்கும் இளைஞர்கள் உண்டு. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் புன்னகைக்கக்கூட அஞ்சும் பெண்களும் உண்டு. பல்லின் நிறம் வெறும் அழகு சம்பந்தப்பட்ட விஷயம் அல்ல. ஒரு மனிதரின் தன்னம்பிக்கையோடு நேரடியாகத் தொடர்புடைய விஷயம்.

இந்தத் தயக்கத்தைப் போக்க வீட்டுக்கு வீடு ஒரு வைத்தியம் இருக்கிறது. "ஏம்மா, எலுமிச்சம்பழத்தைப் பாதியா வெட்டி, கொஞ்சம் உப்பைத் தொட்டுப் பல்லுல தேய்ச்சுப் பாரு. ஒரே வாரத்துல முத்து மாதிரி ஆயிடும்" என்று அத்தை சொல்வார். பக்கத்து வீட்டு அக்கா வாழைப்பழத் தோலைத் தேய்க்கச் சொல்வார். கைத்தொலைபேசியில் வரும் காணொளியோ ஸ்ட்ராபெரியை மசித்துச் சமையல் சோடா கலந்து பூசச் சொல்லும். கேட்பவர்களுக்கு ஒரே ஓர் ஆறுதல்: "பழம்தானே, இயற்கைதானே, கெடுதல் என்ன வந்துவிடப் போகிறது?"

அந்தக் கேள்விக்குத்தான் இன்று விடை தேட வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு பழமாக எடுத்துப் பார்ப்பதற்கு முன்னால், பல்லில் கறை எப்படிப் படிகிறது என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

கறையில் இரண்டு வகை

பல்லின் கறையை மருத்துவர்கள் இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒன்று மேற்கறை. தேநீர், கோப்பி, சிகரெட், வெற்றிலை பாக்கு ஆகியவை பல்லின் மேற்பரப்பில் விட்டுச் செல்லும் நிறம் இது. பல் துலக்கி முடித்த சில நிமிடங்களிலேயே உமிழ்நீரில் உள்ள புரதங்கள் பல்லின் மீது மிக மெல்லிய படலமாகப் படிந்துவிடுகின்றன. தேநீரில் உள்ள துவர்ப்புப் பொருளான டானின் இந்தப் படலத்தோடுதான் ஒட்டிக்கொள்கிறது. இரும்புச் சத்துத் திரவ மருந்துகளும், சில கிருமிநாசினி வாய்க்கழுவிகளும்கூட இப்படிப்பட்ட மேற்கறையை உண்டாக்கும்.

மற்றொன்று உட்கறை. இது பல்லுக்குள்ளேயே இருக்கும் நிறம். எட்டு வயதுக்கு முன் டெட்ராசைக்ளின் என்ற மருந்தை உட்கொண்ட குழந்தைகளுக்குப் பல் சாம்பல் அல்லது பழுப்பு நிறமாக வளர்வதுண்டு. சிறு வயதில் விழுந்து அடிபட்ட பல் பின்னாளில் கறுத்துப் போவதும் உண்டு. குடிநீரில் புளோரைடு அளவுக்கு மிஞ்சி இருந்தால் பல்லில் வெள்ளை, பழுப்புத் திட்டுகள் தோன்றும். வயது ஏற ஏற எல்லோருக்கும் பல் மஞ்சளாவதும் உட்புறக் காரணத்தால்தான்.

மேலே பூசும் எந்தப் பழமும் உட்கறையைத் தொடக்கூட முடியாது. சுவருக்குள் ஈரம் கசியும்போது வெளியே துடைத்துக்கொண்டிருப்பதைப் போன்றது அது. ஆகவே பழ வைத்தியம் பலிக்குமா என்ற கேள்வியே மேற்கறைக்கு மட்டும்தான் பொருந்தும்.

எனாமல் என்னும் கவசம்

பல்லின் வெளி உறைக்கு எனாமல் என்று பெயர். மனித உடலிலேயே மிகக் கடினமான பொருள் இதுதான். எலும்பைவிடவும் கடினமானது. எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு தாது உப்புகளால் ஆனது. கடைவாய்ப் பல்லின் முகட்டில், இது மிகத் தடிப்பாக இருக்கும் இடத்தில்கூட, ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர்தான் இருக்கும். ஈறுக்கு அருகில் இன்னும் மெல்லியது.

எனாமலுக்கு உள்ளே இருப்பது டென்டின். அதன் இயல்பான நிறமே மஞ்சள். எனாமல் ஓரளவு ஒளி ஊடுருவக்கூடியது என்பதால், உள்ளே இருக்கும் மஞ்சள் சற்று வெளியே தெரிகிறது. அதனால்தான் ஆரோக்கியமான பல்கூட வெள்ளைத் தாளைப் போல் இருப்பதில்லை. லேசான தந்த நிறமே பல்லின் இயற்கை நிறம். விளம்பரங்களில் வரும் பால்வெள்ளைப் பற்களைப் பார்த்துவிட்டுத் தன் பல்லில் ஏதோ நோய் இருப்பதாக எவரும் கவலைப்படத் தேவையில்லை.

இந்தக் கவசத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. அது அமிலத்தில் கரையும். புளிப்பின் அளவைக் குறிக்கும் பிஎச் அளவுகோலில் தூய நீரின் அளவு 7. எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். ஒவ்வோர் எண் குறையும்போதும் அமிலத்தன்மை பத்து மடங்கு ஏறும். ஏறத்தாழ 5.5 என்ற அளவுக்குக் கீழே போனால் எனாமலில் உள்ள தாது கரையத் தொடங்குகிறது. எனாமலில் உயிரணுக்கள் இல்லை. வெட்டிய நகம் வளரும், உடைந்த எலும்பு கூடும். தேய்ந்து போன எனாமல் மீண்டும் முளைக்காது.

எலுமிச்சை: வெளுக்கிறதா, கரைக்கிறதா?

எலுமிச்சைச் சாற்றின் பிஎச் அளவு 2க்கும் 2.6க்கும் இடைப்பட்டது. எனாமல் கரையத் தொடங்கும் அளவோடு ஒப்பிட்டால், இது ஏறக்குறைய 1,000 மடங்கு அதிக அமிலம். மலேசியாவில் எளிதாகக் கிடைக்கும் கஸ்தூரி எலுமிச்சையும் புளிப்பில் சளைத்ததல்ல.

அப்படியானால், எலுமிச்சை தேய்த்தவுடன் பல் பளிச்சென்று தெரிவது ஏன்? கறை படிந்திருந்த மேற்படலம் அமிலத்தில் அகன்றுவிடுகிறது. அதோடு, அமிலம் பட்டுத் தாது இழந்த எனாமல் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளிறித் தோன்றுகிறது. தேய்த்தவர் அதை வெண்மை என்று எண்ணி மகிழ்கிறார். அடுத்த நாளும் தேய்க்கிறார். உப்பு, சமையல் சோடா, கரித்தூள் என்று எதையாவது சேர்த்துக்கொண்டால், அமிலத்தில் மென்மையாகிப் போன எனாமல் அந்த உராய்வில் இன்னும் வேகமாகத் தேயும்.

சில மாதங்கள் கழித்து நடப்பதுதான் வேடிக்கையும் வேதனையும். எனாமல் மெலிந்துவிட்டதால் உள்ளே இருக்கும் மஞ்சள் டென்டின் முன்னைவிட நன்றாகத் தெரியத் தொடங்குகிறது. வெளுக்க வேண்டும் என்று தேய்த்த பல் முன்பைவிட மஞ்சளாகிறது. ஐஸ் தண்ணீர் குடித்தால் சுரீர் என்கிறது. சூடான கோப்பி பட்டால் கூசுகிறது. கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது எலுமிச்சையைக் கையில் எடுக்கும் பெண், கல்யாண விருந்தில் ஐஸ்கிரீம் சாப்பிட முடியாமல் தவிக்க நேரலாம்.

ஸ்ட்ராபெரியும் சமையல் சோடாவும்

கேமரன் மலைக்குச் சுற்றுலா போய் வருபவர்கள் கை நிறைய ஸ்ட்ராபெரி வாங்கி வருவார்கள். அதில் மாலிக் அமிலம் இருக்கிறது, அது கறையை நீக்கும் என்பது இணையத்தில் பரவலாகச் சொல்லப்படும் செய்தி.

இதை அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். பிடுங்கப்பட்ட மனிதப் பற்களில், ஒரு பகுதிக்கு ஸ்ட்ராபெரி, சமையல் சோடா கலவையைப் பூசினார்கள். மற்றப் பகுதிகளுக்குக் கடையில் கிடைக்கும் வெளுப்புப் பட்டையையும், பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் வெளுப்பு மருந்துகளையும் பயன்படுத்தினார்கள். 2014இல் வெளிவந்த அந்த ஆய்வின் முடிவு தெளிவானது. மற்ற முறைகள் பல்லை வெளுக்கச் செய்தன. ஸ்ட்ராபெரிக் கலவையால் குறிப்பிடத்தக்க வெண்மை எதுவும் கிடைக்கவில்லை. மேலே ஒட்டியிருந்த அழுக்கை மட்டும் அது அகற்றியது. அந்த வேலையைச் சாதாரணப் பல் துலக்கியே செய்துவிடும்.

சமையல் சோடாவைப் பற்றி ஒரு வார்த்தை நியாயமாகச் சொல்லத்தான் வேண்டும். அது காரத்தன்மை உடையது, அதன் உராய்வும் மென்மையானது. மேற்கறையை ஓரளவு நீக்கக்கூடியது என்பதால்தான் பல பற்பசைகளில் அது சேர்க்கப்படுகிறது. சிக்கல் சோடாவில் இல்லை. அதோடு சேரும் புளிப்புப் பழத்தில் இருக்கிறது.

பப்பாளி, அன்னாசி: உண்மை எவ்வளவு?

பழ வைத்தியத்தில் அறிவியலுக்குச் சற்று நெருங்கி வருபவை இந்த இரண்டும்தான். பப்பாளியில் பப்பைன் என்ற நொதியும் அன்னாசியில் புரோமலைன் என்ற நொதியும் உள்ளன. இரண்டுமே புரதத்தைச் சிதைப்பவை. ஆட்டுக்கறி சீக்கிரம் வேகட்டும் என்று பப்பாளிக்காய்த் துண்டைக் குழம்பில் போடுவது நம் வீடுகளில் வழக்கம். அன்னாசி அதிகம் சாப்பிட்டால் நாக்கு அரிப்பதற்கும் அந்த நொதி ஒரு காரணம்.

கறை ஒட்டிக்கொள்வது புரதப் படலத்தில்தானே? அந்தப் படலத்தைச் சிதைத்தால் கறையும் கழன்று வரும் அல்லவா? இந்த எண்ணத்தில் பப்பைன், புரோமலைன் சேர்த்த பற்பசைகள் தயாரிக்கப்பட்டுள்ளன. அவை மேற்கறையை நீக்க உதவுவதாக ஆய்வுக்கூடச் சோதனைகளும் வந்துள்ளன. பிரேசில் நாட்டில் 2003இல் பப்பைன் கலந்த ஒரு கூழ் அறிமுகமானது. சொத்தையான பகுதியை மென்மையாக்கி, துளைக் கருவி இல்லாமலே சுரண்டி எடுப்பதற்காகப் பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் மருந்து அது.

ஆனால் நொதியைப் பிரித்தெடுத்து அளவோடு சேர்த்த பற்பசை வேறு, பழத்தை வெட்டிப் பல்லில் தேய்ப்பது வேறு. பப்பைன் அதிகம் இருப்பது பப்பாளிக்காயின் பாலில். நன்றாகப் பழுத்த பழத்தில் மிகக் குறைவு. ஜொகூரில் ஏராளமாக விளையும் அன்னாசியில் நொதி இருந்தாலும், அதன் சாற்றின் பிஎச் அளவு ஏறத்தாழ 3.2 முதல் 4 வரை. ஒரு கையால் கறையை எடுத்து, மறு கையால் எனாமலைக் கரைக்கும் பழம் அது. வாய்க்குள் நீண்ட நேரம் வைத்திருப்பதோ பல்லில் பூசி ஊறவிடுவதோ நல்லதல்ல. சாப்பிடுங்கள், அது உடம்புக்கு நல்லது. பூசாதீர்கள்.

வாழைப்பழத் தோலும் ஆரஞ்சுத் தோலும்

வாழைப்பழத் தோலின் உட்புறத்தைப் பல்லில் தேய்த்தால் அதிலுள்ள பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவை பல்லுக்குள் இறங்கி வெண்மை தரும் என்பார்கள். தாது உப்புகள் அப்படிச் சில நிமிடங்களில் எனாமலுக்குள் புகுந்து நிறத்தை மாற்றுவதில்லை. அதே சமயம், வாழைப்பழம் புளிப்புக் குறைந்தது என்பதால் எலுமிச்சை அளவுக்குக் கேடும் இல்லை. தேய்த்தபின் நன்றாகப் பல் துலக்காமல் விட்டால், ஒட்டிய சர்க்கரை கிருமிகளுக்கு விருந்தாகும். அவ்வளவுதான்.

ஆரஞ்சுத் தோலைத் தேய்ப்பவர்கள் கறையை எடுப்பதைவிடச் சாற்றின் அமிலத்தையும் சேர்த்துப் பூசிக்கொள்கிறார்கள். பழத்தைத் தின்றுவிட்டுத் தோலைக் குப்பையில் போடுவதே மேல்.

கரித்தூளையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். தோட்டப்புறங்களில் அடுப்புக் கரியும் உப்பும், சில வேளை செங்கல் பொடியும் பல் துலக்கப் பயன்பட்ட காலம் உண்டு. இன்று அதே கரி, அழகிய பெட்டியில் அடைக்கப்பட்டுப் பேரங்காடிகளில் விற்பனைக்கு வருகிறது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் 2017இல் வெளிவந்த ஒரு மீளாய்வு, கரி கலந்த பொருள்கள் பாதுகாப்பானவை என்பதற்கோ பலன் தரும் என்பதற்கோ போதிய சான்று இல்லை என்று கூறியது.

பழத்தை எதிரியாக்க வேண்டாம்

இவ்வளவையும் கேட்டுவிட்டுப் பழமே வேண்டாம் என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. பழம் சாப்பிட வேண்டியது, பல்லில் பூச வேண்டியது அல்ல. சொல்ல வந்ததெல்லாம் அதுதான்.

கொய்யா, ஆப்பிள் போன்ற கடித்து மெல்ல வேண்டிய பழங்கள் உமிழ்நீரை நன்றாகச் சுரக்க வைக்கின்றன. பல்லுக்கு இயற்கை கொடுத்த மருந்து உமிழ்நீர்தான். அது அமிலத்தைத் தணிக்கிறது, கரைந்த தாதுவில் ஒரு பகுதியை எனாமலுக்குத் திருப்பிக் கொடுக்கிறது. ஆனால் ஆப்பிள் கடித்தாலே பல் துலக்கியதாகிவிடும் என்பது சரியல்ல. ஈறு ஓரத்திலும் பல்லிடுக்கிலும் படியும் அழுக்கை ஆப்பிள் எடுக்காது.

புளிப்பான பழத்தைச் சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிடுவது நல்லது. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிப்பது கெட்டது. சாப்பிட்டவுடன் சாதாரணத் தண்ணீரால் வாய் கொப்பளியுங்கள். உடனே பல் துலக்காதீர்கள். அமிலம் பட்ட எனாமல் மென்மையாக இருக்கும் நேரம் அது. அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத் துலக்கினால் போதும். எலுமிச்சைச் சாற்றைத் தினமும் குடிப்பவர்கள் உறிஞ்சு குழாயைப் பயன்படுத்தலாம்.

தே ஓ குடிப்பவர்களுக்கு ஒரு செய்தி

கறைக்கு மருந்து தேடுவதற்கு முன், கறை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதே புத்திசாலித்தனம். உணவுக்கடையில் உட்கார்ந்தால் தே தாரேக், தே ஓ, கோப்பி ஓ என்று நாளுக்கு நான்கைந்து குவளை உள்ளே போகிறது. கனடாவின் அல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வு 2014இல் வெளியானது. தேநீரில் பால் சேர்த்தால் கறை படிவது வெகுவாகக் குறைகிறது என்று அது கண்டது. பாலில் உள்ள கேசின் என்ற புரதம் டானினைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அது பல்லில் ஒட்டாமல் போய்விடுகிறது.

ஆக, தே ஓவை விடத் தே தாரேக் பல்லைக் குறைவாகவே கறைப்படுத்தும். இதைக் கேட்டு மகிழ்ந்துவிட வேண்டாம். அதில் கலக்கும் கெட்டிப்பாலின் சர்க்கரை பல்லைச் சொத்தையாக்கும். பாலைச் சேர்த்துச் சர்க்கரையைக் குறைத்தால் கறைக்கும் நல்லது, நீரிழிவுக்கும் நல்லது. குடித்து முடித்ததும் ஒரு வாய்த் தண்ணீர் குடித்தால் இன்னும் நல்லது.

வெற்றிலைக் கறை சொல்லும் சேதி

இப்போது சொல்லப் போவதுதான் இந்த உரையிலேயே மிக முக்கியமானது. இப்படி ஓர் உரையாடல் நம் வீடுகளில் எங்கும் நடக்கலாம்.

"பாட்டி, உங்க பல்லெல்லாம் கறுத்துப் போச்சே. கல்யாணத்துல படம் எடுப்பாங்க. எலுமிச்சம்பழம் தேய்ச்சு விடவா?"

"எனக்கு எதுக்குடி அதெல்லாம்? பல்லு கெடக்கட்டும். கொஞ்ச நாளா காரம் பட்டா வாயெல்லாம் எரியுது. வாயை முழுசாத் தொறக்க வேற முடியல. அதுக்கு ஏதாச்சும் மருந்து இருந்தா சொல்லு."

பேத்தியின் கண் பல்லின் நிறத்தில் இருக்கிறது. ஆபத்து இருப்பதோ பாட்டி போகிற போக்கில் சொன்ன அடுத்த வரியில்.

வெற்றிலை பாக்கு போடுவோரின் பற்கள் சிவந்து, பின் கறுப்பது எல்லோருக்கும் தெரியும். அதே பாக்கு கன்னத்தின் உட்புறத் தசையை மெல்ல இறுகச் செய்வது பலருக்குத் தெரியாது. காரம் பட்டால் எரிச்சல், வாயைத் திறப்பதில் சிரமம் ஆகியவை அதன் தொடக்க அறிகுறிகள். இந்த நிலை புற்றுநோயாக மாறும் வாய்ப்பு உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வெளியிட்ட மதிப்பீட்டில், புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் மனிதர்களுக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று அறிவித்தது. "புகையிலை போடுறதில்ல, வெறும் பாக்குதான்" என்ற சமாதானம் இனி எடுபடாது.

மலேசிய மக்கள்தொகையில் இந்தியர்கள் ஏறத்தாழ 7 விழுக்காடு. ஆனால் வாய்ப்புற்றுநோய்க்கு ஆளாவோரில் அவர்களின் பங்கு இதைவிட மிக அதிகம். அதிலும் இந்தியப் பெண்கள் பெருமளவு பாதிக்கப்படுகிறார்கள். இதற்கு வெற்றிலை பாக்குப் பழக்கம் முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. தோட்டப்புறத்தில் பால்மரம் வெட்டிய அலுப்புக்கும் பசிக்கும் துணையாக வந்த பழக்கம், தோட்டத்தை விட்டு வந்த பிறகும் பல தாய்மார்களை விட்டுப் போகவில்லை.

ஆகவே, வீட்டில் வெற்றிலை போடும் பெரியவர் இருந்தால் அவர் பல்லை வெளுக்க வைக்க முனைவதற்கு முன், வாயைத் திறந்து பாருங்கள். கன்னத்தின் உட்புறத்திலோ நாக்கிலோ நாக்கின் அடியிலோ துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், காரணமில்லாத தடிப்பு இருந்தால் தாமதிக்காமல் பல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். வலி இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இருக்காது. முன்கூட்டியே கண்டுபிடித்தால் பிழைக்கும் வாய்ப்பு பன்மடங்கு அதிகம்.

பல் மருத்துவர் என்ன செய்வார்?

மேற்கறைக்குப் பெரும்பாலும் ஸ்கேலிங் எனப்படும் சுத்திகரிப்பே போதும். தேநீர்க் கறை, சிகரெட் கறை, இறுகிப் போன காரை எல்லாம் ஒரே அமர்வில் அகலும். "ஸ்கேலிங் செய்தால் பல் ஆட்டம் கண்டுவிடும்" என்ற அச்சம் பலருக்கு உண்டு. உண்மையில் ஆட்டத்துக்குக் காரணம் ஈறு நோய். காரை அதை மறைத்துக்கொண்டிருக்கும். காரையை எடுத்ததும் அது வெளியே தெரிகிறது.

சுத்தம் செய்த பிறகும் பல் மஞ்சளாக இருந்தால், வெளுப்பு மருந்தைப் பற்றி யோசிக்கலாம். பல்லை உண்மையாகவே வெளுக்கச் செய்வது பெராக்சைடு என்ற மருந்து. அது எனாமலுக்குள் ஊடுருவி நிறப்பொருளைச் சிதைக்கிறது. அமெரிக்காவின் ஹேவுட், ஹேமன் ஆகிய இரு பல் மருத்துவர்கள் 1989இல் எழுதிய கட்டுரை, இரவில் பல்லுறை அணிந்து 10 விழுக்காடு கார்பமைடு பெராக்சைடு கொண்டு வெளுக்கும் முறையை உலகறியச் செய்தது. மருத்துவர் மேற்பார்வையில் செய்தால் பாதுகாப்பானது. சில நாள் பல் கூசலாம், பிறகு அடங்கிவிடும். கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் தவிர்க்க வேண்டும். அடைத்த பல், செயற்கை உறை போட்ட பல் ஆகியவற்றின் நிறம் இதனால் மாறாது என்பதையும் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

எங்கே செய்துகொள்கிறோம் என்பதும் முக்கியம். அழகு நிலையங்களிலும், சமூக ஊடகம் வழியாக வீட்டுக்கே வந்து செய்து தருபவர்களிடமும் மலிவாகக் கிடைக்கிறது என்று போய்விடாதீர்கள். மலேசியாவில் 2018ஆம் ஆண்டின் பல் மருத்துவச் சட்டம் 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. பதிவு பெறாதவர் பல் சிகிச்சை அளிப்பது குற்றம். அளவு தெரியாமல் பூசிய மருந்து ஈறைச் சுட்டுவிட்டால், அந்த நபரின் தொலைபேசி எண்கூட மறுநாள் இயங்காமல் போகலாம்.

வீட்டிலேயே செய்யக்கூடியவை

காசு அதிகம் செலவழிக்காமல் பல்லைப் பளிச்சென வைத்திருக்க வழி இருக்கிறது. காலையிலும் இரவு படுக்கும் முன்னும், தினமும் இரு முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம் பல் துலக்குங்கள். மென்மையான துலக்கியைப் பயன்படுத்துங்கள். அழுத்தித் தேய்ப்பதால் கறை போகாது, ஈறுதான் இறங்கும். பெரியவர்களுக்கான பற்பசையில் புளோரைடு 1,000 முதல் 1,500 பிபிஎம் வரை இருக்கட்டும். துலக்கிய பின் நுரையைத் துப்பினால் போதும். தண்ணீர் விட்டுப் பல முறை கொப்பளித்து மருந்தைக் கழுவிவிடாதீர்கள்.

ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு உறுதி என்ற பழமொழியில் உண்மை இருக்கிறது. குச்சியை மென்று நாராக்கி மெதுவாகத் தேய்த்தால் அழுக்கு அகலும். அந்தக் காலத்துப் பெரியவர்கள் குச்சியைக் கையில் எடுத்தார்களே தவிர, எலுமிச்சையைத் தினமும் பல்லில் தேய்க்கவில்லை.

புகைபிடிப்பவர்கள் அதை விட்டாலே பாதிக் கறை நின்றுவிடும். பாக்கை விட்டால் கறையோடு நோய் வரும் ஆபத்தும் குறையும். ஒரே நாளில் விட முடியாதவர்கள், இரவில் வாயில் அடக்கிக்கொண்டு தூங்கும் பழக்கத்தை முதலில் விடட்டும். அடுத்து எண்ணிக்கையைக் குறைக்கட்டும். வீட்டில் உள்ளவர்கள் திட்டுவதைவிட, துணையாக நின்றால் அது எளிதாகும்.

இயற்கை என்ற ஒரு சொல்லுக்காக எதையும் நம்பிவிடக் கூடாது. அமிலமும் இயற்கைதான், பாக்கும் இயற்கைதான். எலுமிச்சையை ரசத்தில் பிழியுங்கள். பப்பாளியைப் பசியாறும்போது சாப்பிடுங்கள். ஸ்ட்ராபெரியைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். பல்லைப் பல் துலக்கியிடமும், தேவைப்பட்டால் பல் மருத்துவரிடமும் விட்டுவிடுங்கள்.

அடுத்த முறை பாட்டி சிரிக்கும்போது பல்லின் நிறத்தை மட்டும் பார்க்காமல், "வாய் எரியுதா பாட்டி, நல்லாத் தொறக்க முடியுதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த ஒரு கேள்வி ஓர் உயிரைக் காக்கலாம்.